ராணுவமே ஒரு தகவலைக் கிளப்பிவிட்டால் அதை எம்.பி.க்கள் கேட்க முடியுமா?

பாளை_படிப்பாளி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நாட்களில் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் தூங்கவில்லை. கராச்சி துறைமுகம் எரிகிறது என்று ஒரு வீடியோ, அடுத்த குறி நம்ம விஜயநாராயணத்து நேவி டவர்தான் என்று ஒரு ஆடியோ. நாங்குநேரியில் இருக்கிற அத்தை அந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு ஒரு மாதத்துக்கான அரிசி பருப்பை வாங்கி அடுக்கிவிட்டார்கள். கராச்சி கதை பொய் என்று அப்புறம் தெரிந்தது. அது டிவிக்காரர்கள் கிளப்பியது, ராணுவம் சொன்னதில்லை, அது எனக்குப் புரிகிறது. என் சந்தேகம் அதற்கு அடுத்த படி. எதிரியைக் குழப்பவோ நம் பக்கம் ஆதரவு திரட்டவோ ராணுவமே ஒரு தகவலை வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம், பேர் சொல்லியோ பேர் மறைத்தோ. அது எல்லையில் நிற்குமா, அத்தை போனுக்கும் வரத்தானே செய்யும்? அதற்கு யார் அனுமதி கொடுக்கிறார்கள், பணம் எந்தக் கணக்கில் போகிறது, எல்லாம் முடிந்த பிறகாவது மக்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தர் இதைக் கேட்கிறாரா?

கல்லூரிக் கருத்தரங்குக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடினால் எல்லாம் அமெரிக்கக் கதையாகவே வருகிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பிடித்து சட்டசபையில் எழுப்பச் சொல்லலாமா?

வள்ளியூர்_சுபேதார்:

தம்பி, நான் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ரெண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிஆர்ஓ வேலை வேறு, எதிரியை ஏமாற்றுகிற வேலை வேறு. 1909-ல் ஃபௌஜி அக்பார் என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள், 1954-ல் அதற்கு சைனிக் சமாச்சார் என்று பேர் மாற்றினார்கள், தமிழ்ப் பதிப்பும் உண்டு. எங்கள் யூனிட்டுக்கு வரும், கட்டுரையை விட்டுவிட்டு நம்ம ஊர்ப் பையன் படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுவோம். யார் வெளியிடுகிறார்கள் என்று அட்டையிலேயே இருக்கும். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ரெண்டாவது வேலையை எந்த நாட்டு ராணுவமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யாது. சண்டை நடக்கும்போது முப்பது எம்.பி.க்களிடம் சொன்னால் விடிவதற்குள் டெல்லி டீக்கடை வரைக்கும் போய்விடும். கார்கில் முடிந்த பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் போட்ட மறுஆய்வுக் குழு, பத்திரிகைகளையும் தகவலையும் கையாளுவதில் நாம் தேற வேண்டும் என்று எழுதித்தான் வைத்தது. சிந்தூர் முடிந்ததும் முப்படைத் தளபதி அனில் சவுகான் என்ன சொன்னார்? நடவடிக்கை நேரத்தில் 15 சதவீதம் பொய்ச் செய்திக்குப் பதில் சொல்லவே போயிற்று என்றார். பாகிஸ்தான்காரன் கணக்குக் கொடுத்துவிட்டா புளுகுகிறான்? நாம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கமிட்டி போட்டுக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகுமா?

கோர்ட்டுவாசல்:

முதலில் தம்பிக்கு. எம்.எல்.ஏ.விடம் போக வேண்டாம். பாதுகாப்பும் படைகளும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கின்றன, சட்டசபையில் எழுப்பினால் சபாநாயகர் ஒரே வரியில் முடித்துவிடுவார். எம்.பி.தான் வழி.

நம்மிடம் இருக்கிற முக்கியமான கருவி பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-ல் வந்தன. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர், அமைச்சர்கள் அதில் இருக்க முடியாது. பட்ஜெட் வந்ததும் மானியக் கோரிக்கைகள், அதாவது துறை தன் செலவுக்குப் பணம் கேட்கிற கோரிக்கைகள், இவர்களிடம் போகும். பாதுகாப்புச் செயலாளரும் படை அதிகாரிகளும் வந்து விளக்குவார்கள், உறுப்பினர்கள் கேட்பார்கள், கையில் இல்லாத விவரத்தை எழுத்தில் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு அறிக்கை, அதற்கு அரசு மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும். எல்லாம் மூடிய கதவுக்குள்தான். அதனால் ரகசியம் கசியும் என்கிற அண்ணாச்சியின் பயத்துக்கு விதியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஆனால் ஓட்டை எங்கே என்றால், அன்றாட நிர்வாகத்தில் நிலைக்குழு தலையிடக்கூடாது. ஒரு குறிப்பிட்ட பிரச்சாரத்தை யார் நடத்தினார்கள் என்று கேட்டால், அது அன்றாட நடவடிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆவணம் கேட்டாலும், மக்களவை விதி 270-ன்படி நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி அரசு தர மறுக்கலாம். அந்தக் காரணம் நியாயம்தானா என்று அந்தக் கட்டத்தில் சோதித்துப் பார்க்க வேறு யாரும் இல்லை. பணத்தின் வழியாகப் போகலாம் என்றால், பாதுகாப்பு பட்ஜெட் நான்கு மானியங்களாக வருகிறது: அமைச்சகத்தின் சிவில் செலவு, படைகளின் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு, ஓய்வூதியம். 2025-26-ல் மொத்தம் சுமார் 6.81 லட்சம் கோடி. இந்த நான்கையும் புரட்டிப் பார்த்திருக்கிறேன், தகவல் போர் என்றோ ஸ்ட்ராடஜிக் கம்யூனிகேஷன் என்றோ தனித் தலைப்பு கண்ணில் படாது, சம்பளத்துக்குள்ளும் சாமான் செலவுக்குள்ளும் கரைந்து கிடக்கும். தலைப்பே இல்லாத செலவில் எந்த எம்.பி. என்னத்தைக் கேட்பார்?

உளவுத்துறைப் பக்கம் இதைவிட மோசம். வெளிநாட்டு உளவு அமைப்பான ரா 1968-ல் தொடங்கியது, இன்று வரை அதற்கென்று நாடாளுமன்றச் சட்டம் கிடையாது. உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர 2011-ல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

ஆர்டிஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலபேருக்கு இது தெரியாது. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். இரண்டாவது அட்டவணையில் விலக்குப் பெற்றவை ரா, ஐ.பி., பி.எஸ்.எஃப்., டி.ஆர்.டி.ஓ. போன்றவை. படைகளிடம் மனுப் போடலாம், நாட்டின் பாதுகாப்புக்கான விலக்கான 8(1)(a) பிரிவைக் காட்டி மறுப்பார்கள், மேல்முறையீடு போகலாம். சமூக வலைதளக் கணக்கை நடத்துவதற்கு எழுத்தில் உள்ள விதிமுறை என்ன என்பது மாதிரிக் கேள்விக்கு மறுப்பது அவர்களுக்கே கொஞ்சம் கஷ்டம்.

அண்ணாச்சி மேற்கோள் காட்டிய 15 சதவீதத்துக்கு வருகிறேன். முப்படைத் தளபதி அதை எங்கே சொன்னார்? மே 31 அன்று சிங்கப்பூரில், பாதுகாப்பு மாநாட்டுக்குப் போன இடத்தில். நம் விமானங்கள் விழுந்ததை முதல்முறையாக ஒத்துக்கொண்டதும் அதே நாளில் அங்கேதான், வெளிநாட்டு ஊடகத்தின் பேட்டியில். சிறப்புக் கூட்டம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் கூட்டவில்லை, நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது ஜூலைக் கடைசியில். எதைச் சொல்லலாம் எப்போது சொல்லலாம் என்று முடிவெடுக்கிற உரிமை படைக்கும் அரசுக்கும் இருக்கட்டும், முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காவது ஒரு முறை வேண்டாமா?

டெக்சாஸ்_அம்பை:

அம்பாசமுத்திரத்துக்காரன், இப்போது இங்கே. தேடினால் அமெரிக்கக் கதையாகவே வருகிறது என்று தம்பி சலித்துக்கொண்டதால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

1948-ன் ஸ்மித்-மண்ட் சட்டம் அரசுப் பிரச்சாரத்தை உள்நாட்டில் தடை செய்கிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது வெளியுறவுத் துறைக்கும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா மாதிரி அரசு ஒலிபரப்புக்கும் வந்தது, பாதுகாப்புத் துறையான பென்டகனைக் கட்டுப்படுத்தியது அது இல்லை. 2012-ல் திருத்தி அதையும் தளர்த்திவிட்டார்கள். பென்டகனுக்குக் கடிவாளம் பணத்தில். உள்நாட்டில் விளம்பரத்துக்கோ பிரச்சாரத்துக்கோ இந்தப் பணத்தைச் செலவழிக்கக்கூடாது என்று ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வருடாவருடம் ஒரு வரி சேர்ப்பார்கள்.

அந்த ஒரு வரி எவ்வளவு தாங்கும்? ஓய்வு பெற்ற ஜெனரல்களைக் கூப்பிட்டு, ஈராக் போரைப் பற்றி இப்படி இப்படிப் பேசுங்கள் என்று குறிப்புக் கொடுத்து, டிவியில் தனி நிபுணர் மாதிரி உட்கார வைத்ததை நியூயார்க் டைம்ஸ் 2008-ல் போட்டு உடைத்தது. இங்கத்து நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பு விசாரித்து 2009-ல் என்ன சொன்னது தெரியுமா? தடையை மீறவில்லை என்றது. இன்னும் பழைய கூத்து ஒன்று. பென்டகனின் விளம்பர வேலையைப் பற்றி 1971-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு ஆவணப்படம் போட்டது. காங்கிரஸ் கமிட்டி பென்டகனை விட்டுவிட்டு, ஒளிபரப்பாத படச்சுருளையும் கொடு என்று சி.பி.எஸ். மேல் பாய்ந்தது. சி.பி.எஸ். தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் முடியாது என்றார், அவமதிப்பு நடவடிக்கை அவைக்கு வந்து 226-க்கு 181 என்று திரும்பிப் போனது. கண்காணிப்பு என்ற பேரில் யாரைக் கண்காணிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உருப்படியாக ஒன்று நடந்தது 2020 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில். தகவல் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக ஒரு தலைமை ஆலோசகரை நியமிக்க வேண்டும், மறைவாகச் செய்தவை உட்பட முக்கியமானவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை காங்கிரஸின் பாதுகாப்புக் குழுக்களிடம் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறதா? அதே 2020-ல்தான் பிலிப்பைன்ஸ் மக்களிடம் சீனாவின் சினோவாக் தடுப்பூசியைப் பற்றிச் சந்தேகம் கிளப்பப் போலிக் கணக்குகளை வைத்து அமெரிக்க ராணுவம் வேலை பார்த்தது. வெளியுறவு அதிகாரிகள் எதிர்த்தும் நடந்தது, 2021 நடுவில்தான் நிறுத்தினார்கள், வெளியே கொண்டுவந்தது 2024-ல் ராய்ட்டர்ஸ். கொரோனா நேரம், அந்த ஊரில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சீனாக்காரனுக்கு எதிராக என்று ஆரம்பித்தது கடைசியில் யார் கைக்கு ஊசி போகாமல் செய்தது என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நடந்து முடிந்ததைச் சொல் என்பதோடு நிறுத்தினால் போதாது, பொதுமக்களின் உடம்பும் உயிரும் சம்பந்தப்பட்டதை முன்னாலேயே கேள் என்றும் இருக்க வேண்டும். இன்னொன்று, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குச் சாதகமான போலிக் கணக்குகளைப் பற்றி அறிக்கை போட்டார்கள், அடுத்த மாதமே காஷ்மீர் விஷயத்தில் இந்திய ராணுவத்தைப் புகழ்ந்த ஆயிரத்துச் சொச்சம் ட்விட்டர் கணக்குகளைப் பற்றியும் போட்டார்கள். யார் நடத்தியது என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை, ஸ்ரீநகரில் இருக்கிற ராணுவப் பிரிவான சினார் கோரின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். தம்பி கட்டுரையில் போடுவதானால் அந்த அளவோடு போடுங்கள், கூட ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம்.

களக்காட்டான்:

இவ்வளவு கனமாகப் போகிறதே என்று ஒரு ஓநாய்க் கதை. 2020-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஊர்க்காரர்களுக்கு ஒரு கடிதம் வந்தது, மாகாண வனத்துறையின் லெட்டர்ஹெட்டில். உங்கள் பகுதியில் ஓநாய்களை விட்டிருக்கிறோம், ஜாக்கிரதையாக இருங்கள் என்று. சனங்கள் பதறிப் போய்க் கேட்டால், நாங்கள் அப்படி ஒன்றும் அனுப்பவில்லையே என்கிறது வனத்துறை. கடைசியில் பார்த்தால் ராணுவத்தின் ரிசர்வ் படைக்காரர்கள் பிரச்சாரப் பயிற்சிக்காகத் தயாரித்த போலிக் கடிதம். ஒலிபெருக்கியில் ஓநாய்ச் சத்தம் வேறு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடிதம் வெளியே போயிருக்கக்கூடாது, கை தவறிப் போய்விட்டது என்றார்கள்.

சிரித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். இங்கே மலையடிவாரத்தில் சிறுத்தை இறங்கியிருக்கிறது என்று வனத்துறை சொன்னால் அன்று இரவு ஆட்டுக்குட்டியை வீட்டுக்குள் கட்டுவோம். அப்படி ஒரு கடிதம் ஒருமுறை பொய்யாகிவிட்டால், மறுமுறை நிஜமாகச் சிறுத்தை வரும்போது வனத்துறையை எவன் நம்புவான்? ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது இன்னொரு துறையின் பேரை. அதே வருடம் கொரோனாவைச் சாக்கு வைத்து சொந்த மக்கள் மேலேயே தகவல் நடவடிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதைத் தலைமைத் தளபதி நிறுத்திய கதையும் அந்த நாட்டில் உண்டு. விஷயம் வெளியே வந்தது பெரும்பாலும் ஒரு பத்திரிகைக்காரர் விடாமல் தோண்டியதால்.

சுபேதார் அண்ணாச்சி, நீங்கள் சொன்ன பிஆர்ஓ வேலையும் ஏமாற்று வேலையும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வள்ளியூர்_சுபேதார்:

கலக்கக்கூடாது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. யூனிஃபார்ம் போட்டவன் தன் பேரைச் சொல்லிப் பேசும்போது பொய் சொன்னால் பிறகு ஒருவனும் நம்ப மாட்டான், இது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் வக்கீல் சார் சிங்கப்பூரில் சொன்னதைப் பெரிய குற்றமாக்குகிறார், விமானம் விழுந்ததை அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் எதிரிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். தாமதம் வேறு, பொய் வேறு.

ராதாபுரம்_தாலுகா:

தாமதம் வேறு பொய் வேறு என்று அண்ணாச்சி சொன்னதால் எழுதுகிறேன். கூடங்குளம் ராணுவம் இல்லை, தெரியும். ஆனால் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் வாயை மூடுகிற வழக்கம் ரெண்டுக்கும் பொதுதான்.

2019 அக்டோபர் 29. அணுமின் நிலையக் கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்துவிட்டது என்று இணையத்தில் பேச்சு. நிலையம் அறிக்கை விட்டது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படவில்லை, அதன் மேல் சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை, பரவுவது பொய்த் தகவல். மறுநாள் 30-ந் தேதி அணுமின் கழகத்தின் அறிக்கை: மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை, நிர்வாகப் பணிக்கான ஒரு கம்ப்யூட்டரில், செப்டம்பர் 4-ந் தேதியே அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எங்களிடம் சொல்லிவிட்டது. முதல் நாள் அறிக்கையை இப்போது எடுத்துப் படியுங்கள். கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அது சொன்ன வாக்கியத்தில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டவன் கேட்டது ஒன்று, பதில் சொன்னது வேறொன்றுக்கு. அதைப் பொய்த் தகவல் என்று வேறு முத்திரை குத்தினார்கள். இது தாமதமா பொய்யா, நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி.

அடுத்து வந்த குளிர்காலக் கூட்டத்தொடரில் எம்.பி.க்கள் கேட்டார்கள், பதிலும் வந்தது. கேட்டால் வரும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. போராட்டக் காலத்தில் எங்கள் ஊர்களைப் பற்றி வெளிநாட்டுப் பணம் என்று பிரதமர் மட்டத்திலிருந்து பேச்சு வந்ததே, அதற்கு என்ன ஆதாரம் என்பதை மட்டும் இடிந்தகரைக்காரர்களுக்கு இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

பாளை_படிப்பாளி:

நன்றி நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கட்டுரை ஒருபக்கம் இருக்கட்டும், எங்கள் எம்.பி. அலுவலகத்தில் ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. இப்படி எழுதியிருக்கிறேன், வக்கீல் சார் பார்த்துச் சொல்லுங்கள்:

"2025 மே மாதம் ராணுவம் மேற்கொண்ட தகவல் போர் நடவடிக்கைகள் யாவை, அவற்றுக்குச் செலவான தொகை எவ்வளவு, அவை இந்தியக் குடிமக்களைச் சென்றடைந்தனவா, ஆம் எனில் அதற்குப் பொறுப்பான அதிகாரிகள் யார்?"

கோர்ட்டுவாசல்:

இப்படிக் கொடுத்தால் செயலகத்திலேயே செத்துவிடும் தம்பி. ரகசியத் தன்மையுள்ளதைக் கேட்கக்கூடாது என்று விதி இருக்கிறது, அதைத் தாண்டி வந்தாலும் நாட்டுப் பாதுகாப்பு கருதி விவரம் தர இயலாது என்று ஒரே வரியில் பதில் வரும். நடவடிக்கையைக் கேட்காதீர்கள், விதியைக் கேளுங்கள். விதி இல்லை என்று பதில் வந்தாலும் அது அச்சில் பதிவாகும், நிலைக்குழுவில் இருக்கிற ஒரு உறுப்பினர் மார்ச் மாத மானியக் கோரிக்கையில் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். நான் மாற்றி எழுதியது:

"(அ) ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் தகவல் நடவடிக்கைகள் இந்தியக் குடிமக்களை இலக்காகக் கொள்ளக்கூடாது என்று எழுத்துப்பூர்வமான விதிமுறை உள்ளதா, (ஆ) இத்தகைய நடவடிக்கைகளுக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகார மட்டம் எது, (இ) இவற்றுக்கான செலவு எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் வருகிறது, (ஈ) மற்ற அரசுத் துறைகளின் பெயரையோ முத்திரையையோ பயிற்சிக்கு உட்பட எதற்கும் பயன்படுத்தத் தடை உள்ளதா, (உ) முடிந்த நடவடிக்கைகள் பற்றி நிலைக்குழுவுக்குத் தெரிவிக்கும் நடைமுறை உள்ளதா, இல்லையெனில் அதற்கான காரணம் என்ன?"

(ஈ) களக்காட்டான் உபயம். மொத்தம் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கென்று வாரத்தில் ஒதுக்கிய நாளுக்கு 15 முழு நாட்கள் முன்னதாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். நட்சத்திரக் கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், குலுக்கலில் ஒரு நாளைக்கு 20-தான் எடுப்பார்கள், வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். வராவிட்டால் நட்சத்திரமில்லாத 230-ல் சேர வாய்ப்பு இருக்கிறது, எழுத்தில் பதில் வரும்.

வள்ளியூர்_சுபேதார்:

(அ), (ஈ) ரெண்டுக்கும் நானும் கையெழுத்துப் போடுகிறேன். (உ)-வில் "முடிந்த" என்ற சொல்லை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி, எம்.பி. ஆபீசுக்குப் போகும்போது சொல்லுங்கள், சங்கத்திலிருந்து ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ராணுவத்துக்கு எதிரான மனு என்று எவனும் சொல்லிவிடக்கூடாது பாருங்கள்.